டாக்டர் டெஸ்கியின் இருபத்தெட்டு நிமிடங்கள்

"ஒன்பது நிமிஷம், இருபது செகண்டு," என்றான் மிட்ச், ஆஸ்பத்திரி வாசலில் பிரேக்கை மிதித்தபடி. "நடுவுல ஒரு மான் ரோட்டைக் கடந்துது. அதுக்கு மரியாதை கொடுத்து நின்னதையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

கிரெட்டா ஹால்வர்சன் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

"ராத்திரின்னா ரோடு காலியா இருக்கும். எட்டு நிமிஷத்துல வந்துடலாம்."

"ராத்திரின்னா ரெண்டு மான் வரும், பாஸ்."

கிரெட்டாவுக்கு ஐம்பத்தாறு வயது. பதினோரு வருடம் பிரசவ வார்டு நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது பைன்கேட் இன்சூரன்ஸில் விசாரணை வேலை. நோயாளி வழக்குப் போட்டால் டாக்டருக்காக நஷ்டஈடு கொடுக்கிற பாலிசியை விற்கப் பல கம்பெனிகள் உண்டு. ஆனால் இரண்டு மூன்று வழக்கு ஏறிவிட்ட டாக்டரைக் கண்டால் அத்தனை கம்பெனிகளும் கதவைச் சாத்திவிடும். எல்லாக் கதவையும் தட்டிக் கை வலித்தவர்கள் கடைசியாக வந்து நிற்கிற இடம் பைன்கேட். ஆபீஸ் இருப்பது ஒரு பௌலிங் கூடத்தின் மாடியில். கீழே பந்து உருளும், மேலே டாக்டர்களின் தலையெழுத்து உருளும்.

மிட்ச் ஷிமான்ஸ்கி அவளுடைய உதவியாளன். அதற்கு முன்னால் பழைய பனிவண்டி விற்றுக்கொண்டிருந்தவன். வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு வடக்கு விஸ்கான்சினில் அவனைவிட நல்ல சாட்சி கிடையாது.

இன்றைய தலையெழுத்து டாக்டர் ரோலண்ட் டெஸ்கியுடையது. ஆல்டர் ஃபால்ஸ் ஊரின் ஒரே பிரசவ டாக்டர். ஒன்பது வருடத்தில் மூன்று வழக்குகள். பழைய கம்பெனி இனி முடியாது என்று சொல்லிவிட்டது. அவர்களுடைய பாலிசி இன்று ராத்திரியோடு முடிகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் கிரெட்டா கையெழுத்துப் போட்டால் டெஸ்கி டாக்டர். போடாவிட்டால் நாளைக்கு ஆஸ்பத்திரி அவரை உள்ளேயே விடாது. பிரசவ வார்டையும் பூட்டிவிடுவார்கள். அடுத்த வார்டு எழுபத்திரண்டு மைல் தள்ளி இருக்கிறது, அதுவும் பிப்ரவரிப் பனியில். இந்த பிப்ரவரியில் மட்டும் ஏழு பெண்களுக்கு நாள் குறித்திருந்தது.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, இரண்டு நாளுக்கு முன்னால் அந்த மொட்டைக் கடிதம் வரும்வரை. உள்ளே ஒரே வரி. 'ஆல்டர் ஃபால்ஸில் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றிக் கேளுங்கள்.'

கிரெட்டா டெஸ்கியின் விண்ணப்பத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். பதினான்காவது கேள்வி: 'பின்னால் வழக்காக மாறக்கூடிய சம்பவம் ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?' டெஸ்கி எழுதியிருந்தது: 'இல்லை.'

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஷெல்பி என்ற பெண்ணுக்கு அவசர ஆபரேஷனில் ஒரு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. மூச்சு முட்டிப் பிறந்த குழந்தை. மூன்று மாதமாகியும் வலிப்பு நிற்கவில்லை, மூக்கில் குழாய் வைத்துத்தான் பால் போகிறது. தாய் இன்னும் யார் மேலும் வழக்குப் போடவில்லை.

"பாஸ், மடியில கனம் இல்லேன்னா வழியில எதுக்குப் பயம்? 'இல்லை'ன்னு எழுதியிருக்காரே, அதுலயே எனக்கு வாடை அடிக்குது," என்றான் மிட்ச்.

"வாடை உன் கோட்டுல அடிக்குது. மீன் பிடிச்சுட்டு நேரா வந்தியா?"

"வெள்ளிக்கிழமை காலையில ஏரியில ஐஸ் உறைஞ்சு கிடக்கும்போது வேலைக்கு வர்றதே பெரிய தியாகம்."

*

டாக்டர் டெஸ்கி உயரமான மனிதர். கைகுலுக்கிவிட்டு உடனே கையை மேஜைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"நவம்பர் முதல் ஞாயிறு," என்றாள் கிரெட்டா.

"ஒண்ணு பன்னெண்டுக்கு எனக்குத் தகவல். ஒண்ணு நாப்பதுக்கு வந்துட்டேன். இருபத்தெட்டு நிமிஷம்."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. முன்னால் எந்தக் காகிதமும் இல்லை. மிட்ச் புருவத்தை உயர்த்தினான்.

"நல்ல ஞாபகசக்தி, டாக்டர். எனக்கு என் கல்யாண நாளே ஞாபகம் இல்லை. அதனாலதான் இப்ப கல்யாணமும் இல்லை."

"மூணு தடவை கோர்ட்டுல நின்னவன் நிமிஷத்தை மறக்க மாட்டான், தம்பி."

"முப்பது நிமிஷம்தானே ஆஸ்பத்திரி வச்சிருக்கிற எல்லை?" என்றாள் கிரெட்டா. "நீங்க ரெண்டு நிமிஷம் மிச்சம் பிடிச்சிருக்கீங்க."

"ஆமாம்."

"உங்க வீட்டுலேருந்து இங்கே ஒன்பது நிமிஷம். இப்பதான் ஓட்டிப் பார்த்தோம். அன்னிக்கு ரோட்டுல பனியும் இல்லை. மிச்சம் பத்தொன்பது நிமிஷம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

டெஸ்கி ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே காத்திருப்பு நாற்காலியில் ஒரு கர்ப்பிணி, பூட்ஸைக் கழற்றிவிட்டு வீங்கிய காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தூக்கத்துலேருந்து எழுந்து டிரஸ் மாத்தணும். வண்டியை ஸ்டார்ட் பண்ணணும்."

"முப்பது வருஷமா பிரசவம் பார்க்கிற டாக்டர் சட்டை மாட்ட பத்தொன்பது நிமிஷமா?"

"மேடம், வெளியே நோயாளி காத்திட்டிருக்கா. இன்னிக்கு வரைக்கும் நான் டாக்டர்தான். பார்க்கட்டுமா?"

கதவு சாத்தியதும் மிட்ச் மெதுவாகச் சொன்னான். "குடிச்சிருந்திருப்பார். இல்லேன்னா வேற வீட்டுல இருந்திருப்பார். இந்த ஊர்ல பத்தொன்பது நிமிஷத்துக்கு மூணாவது காரணம் கிடையாது."

கிரெட்டாவுக்கும் மனசு அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. அது அவளுக்குப் பிடிக்கவும் இல்லை. நேற்று விசாரித்த ஆறு தாய்மார்களில் ஐந்து பேர் டெஸ்கி பெயரைச் சொன்னதும் சிரித்திருந்தார்கள்.

*

ஆஸ்பத்திரி நிர்வாகி பிரென்ட் ஆஸ்லண்ட் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். எதைக் கேட்டாலும் முதலில் டெஸ்கியைப் பாராட்டினார். பாராட்டி முடிக்கும்போது ஒரு 'ஆனா' போட்டார்.

"அருமையான டாக்டர். ஆனா, மூணு வழக்கு. நான் எதுவும் சொல்ல விரும்பலை."

"சொல்லாமலே நிறைய சொல்றீங்க," என்றான் மிட்ச்.

அன்றைய பதிவுத்தாளைக் கிரெட்டா கையில் வாங்கினாள். மற்ற பக்கங்களெல்லாம் கம்ப்யூட்டரில் அச்சானவை. அந்த ஒரு தாள் மட்டும் கையெழுத்து. 'டாக்டருக்குத் தகவல், 1:12. டாக்டர் வருகை, 1:40.'

"இது மட்டும் ஏன் கையால எழுதியிருக்கு?"

"அந்த நேரம் கம்ப்யூட்டரை நிறுத்தி வச்சிருந்தோம். வருஷா வருஷம் நடக்கிறதுதான்."

"குழந்தையோட இதயத்துடிப்பு ஓடின காகிதம் வேணும். டாக்டரோட அனுமதிக் கடிதமும், தாயோட அனுமதியும் இதோ இருக்கு."

நிர்வாகியின் சிரிப்பு ஒரு இழை குறைந்தது. "தேடணும். நேரம் ஆகும்."

நேரம் ஆனது. இரண்டு மணிக்குக் கேட்டது நாலு மணிக்குத்தான் வந்தது, அதுவும் கிரெட்டா மூன்று தடவை போய் நின்றபிறகு. பழுப்பு உறையைக் கொண்டுவந்து கொடுத்தவள் வார்டின் தலைமை நர்ஸ் லோரீன். ஐம்பதைத் தாண்டியவள். உறையை நீட்டிய கை உடனே விடவில்லை.

"இதை யாரும் பிரிச்சுப் பார்க்கலை," என்றாள். "முழுசா விரிச்சுப் பாருங்க."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

"காபி வேணுமான்னு கேட்பாங்கன்னு பார்த்தா, வேலை கொடுத்துட்டுப் போறாங்க," என்றான் மிட்ச்.

*

ஆவண அறையில் ஒரே ஒரு மேஜை. அதில் கிரெட்டா காகிதத்தை வைத்தாள். விசிறி மடிப்பாக மடிந்த நீளக் காகிதம்; மேல் ஓரத்தில் பேனாவால் 1:12 என்று குறித்திருந்தது. இதயத்துடிப்பை வரையும் மெஷினின் கடிகாரம் செத்துப் பல வருடமாகிவிட்டதால், நர்ஸுகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கையால் நேரம் குறிப்பது அங்கே வழக்கம். கட்டின் கடைசி மடிப்பில் 1:40, 'டாக்டர் வந்தார், தியேட்டருக்கு'. நடுவில் ஒரு எழுத்துக் கிடையாது.

"ரெண்டு முனையும் பதிவுத்தாளோட ஒத்துப்போகுது," என்றான் மிட்ச். "இதுல பார்க்க என்ன இருக்கு?"

"நடுவுலதான் இருக்கு. விரி."

மிட்ச் விரித்தான். காகிதம் மேஜையின் பாதியைத் தாண்டியது. முழு மேஜையையும் தாண்டியது. விளிம்பிலிருந்து தொங்கி அவன் முழங்காலைத் தொட்டது. இன்னும் மடிப்பு தீரவில்லை.

"பாஸ், இது என் அத்தை எழுதற கிறிஸ்துமஸ் லெட்டர் மாதிரி போயிட்டே இருக்கு."

கிரெட்டா நாற்காலியை விட்டு எழுந்திருந்தாள். "உன்கிட்ட மீன் அளக்கிற நாடா இருக்கா?"

"என்ன கேள்வி இது? போலீஸ்காரன்கிட்ட துப்பாக்கி இருக்கான்னு கேட்பீங்களா?"

"அந்த மெஷின் காகிதத்தை ஒரே வேகத்துலதான் தள்ளும். நிமிஷத்துக்கு மூணு சென்டிமீட்டர். நான் நர்ஸா இருந்தப்பவும் அதேதான். இருபத்தெட்டு நிமிஷம்னா இந்தக் காகிதம் ரெண்டே முக்கால் அடிதான் இருக்கணும்."

மிட்ச் தரையில் மண்டியிட்டு நாடாவை ஓட்டினான். மறுபடி ஒரு தடவை ஓட்டினான். இந்த முறை ஜோக் எதுவும் வரவில்லை.

"எட்டு அடி, எட்டு அங்குலம்."

கிரெட்டா நோட்டில் கணக்குப் போட்டாள். "எண்பத்தெட்டு நிமிஷம். ஒரு முழு மணி நேரம் காணாமப் போயிருக்கு, மிட்ச். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்காங்க."

"ஆனா ஒரு மணி நேரத்தை எங்கேன்னு மறைப்பாங்க? சுவர்ல கடிகாரம் தொங்குதே. எல்லாரும் பார்த்திருப்பாங்களே." மிட்ச் நாடாவைச் சுருட்டிக்கொண்டே நின்றான். சுருட்டுகிற கை பாதியில் நின்றது. "பாஸ். நவம்பர் முதல் ஞாயிறு. அன்னிக்கு நான் சர்ச்சுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போய்த் தனியா உட்கார்ந்திருந்தேன். எங்கம்மா இன்னும் சொல்லிக் காட்டறாங்க."

கிரெட்டா அவனையே பார்த்தாள்.

நவம்பர் முதல் ஞாயிறு விடிகாலை இரண்டு மணி ஆனதும் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணிக்குத் திருப்பி வைப்பது அமெரிக்கச் சட்டம். அன்று ஒரு நாள் மட்டும் ஒன்றிலிருந்து இரண்டு வரை உள்ள மணி இரண்டு முறை வரும். எல்லாருக்கும் தெரிந்த விஷயம். திங்கட்கிழமையே எல்லாரும் மறந்துவிடுகிற விஷயமும் அதுதான்.

"அதனாலதான் கம்ப்யூட்டரை நிறுத்தியிருக்காங்க," என்றாள் கிரெட்டா. "ஒரே மணி ரெண்டு தடவை வந்தா அதுக்குக் குழம்பும். பேப்பருக்குக் குழம்பாது. ஒண்ணு பன்னெண்டு முதல் சுற்று. ஒண்ணு நாப்பது ரெண்டாவது சுற்று. நடுவுல இருந்த ஒரு மணியைச் சர்க்காரே மறைச்சுக் கொடுத்திருக்கு."

"அப்ப டெஸ்கி தகவல் கிடைச்சு ஒண்ணரை மணி நேரம் கழிச்சு வந்திருக்கார். வந்துட்டு இருபத்தெட்டுன்னு நம்மகிட்டயே வாய்ப்பாடு ஒப்பிச்சிருக்கார்." மிட்ச் முகத்தைச் சுளித்தான். "எனக்கு அந்த ஆளை கொஞ்சம் பிடிச்சிருந்துது. சே."

மணி நாலே கால்.

*

டெஸ்கி கடைசி நோயாளியை அனுப்பிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். கிரெட்டா உட்காரவில்லை.

"இருபத்தெட்டு இல்லை, டாக்டர். எண்பத்தெட்டு. காகிதத்தை அளந்துட்டோம். அன்னிக்குக் கடிகாரத்தைத் திருப்பி வச்ச நாள்."

குற்றவாளிகள் மாட்டிக்கொண்டால் கோபப்படுவார்கள், அல்லது வக்கீல் பெயரைச் சொல்வார்கள். டெஸ்கி ஒரு கை மட்டும் கோட்டுக்குள் இருக்க அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எண்பத்தெட்டா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரிஞ்சது பதினாறு." குரல் தேய்ந்திருந்தது. "போன் அடிச்சப்ப என் அடுப்பு மேல இருக்கிற கடிகாரத்துல ரெண்டு இருபத்தெட்டு. நான் இன்னும் அதை மாத்தலை. அப்படின்னா ஒண்ணு இருபத்தெட்டு. பன்னெண்டு நிமிஷத்துல இங்கே வந்துட்டேன். அப்புறம் பதிவுத்தாளைப் பார்த்தா எனக்கு ஒண்ணு பன்னெண்டுக்கே தகவல் சொன்னதா எழுதியிருந்துது. லோரீன் நேரத்தைப் பதினாறு நிமிஷம் முன்னாடி தள்ளிப் போட்டிருக்கான்னு நினைச்சேன். பதட்டத்துல கூப்பிட லேட் பண்ணியிருப்பா. முப்பது வருஷமா நல்ல நர்ஸ். அவ வேலை போகக்கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டேன்."

"காகிதத்தை நீங்க பார்க்கலையா?"

"நான் வந்த அதே நிமிஷம் ஷெல்பியைத் தியேட்டருக்குத் தள்ளிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் அந்த உறையைத் திறக்க எனக்குத் தைரியம் வரலை, மேடம். அதுதான் நிஜம்."

"அப்ப அந்த மிச்ச நேரம் யாரைக் கூப்பிட்டுட்டிருந்தாங்க?" என்றான் மிட்ச்.

"ஆஸ்லண்டை."

பதில் வாசலிலிருந்து வந்தது. லோரீன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது முடித்த கண்.

"டாக்டருக்கு மூணாவது வழக்கு வந்ததும் ஆஸ்லண்ட் எங்களுக்கு ஒரு உத்தரவு போட்டார். அவசரம்னா முதல்ல என்னைத்தான் கூப்பிடணும், டெஸ்கியைக் கூப்பிடக்கூடாதுன்னார். அவர் ஆபத்தான டாக்டர், இன்னொரு வழக்கு வந்தா ஆஸ்பத்திரி தாங்காதுன்னார். ஒண்ணு பன்னெண்டுக்கு ஆஸ்லண்டைத்தான் கூப்பிட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில இடம் பார்க்கிறேன், காத்திருன்னார். மூணு ஆஸ்பத்திரியைக் கேட்டார். எங்கேயும் இடம் இல்லை. கடைசியில சரி, டெஸ்கியையே கூப்பிடுன்னார். அப்ப கடிகாரம் மறுபடி ஒண்ணு இருபத்தெட்டு காட்டிட்டிருந்துது. காலையில வந்து தாளைப் பார்த்தார். டாக்டருக்குத் தகவல்னு எழுது, இருபத்தெட்டு நிமிஷம்தான் ஆகுது, ரொம்ப அழகா இருக்குன்னார். நான் எழுதினேன்."

டெஸ்கி அவளைப் பார்க்கவில்லை. அவர் வீடு ஒன்பது நிமிட தூரத்தில் இருந்தது. அந்த ஒரு மணி நேரமும் அவர் அங்கே தூங்கிக்கொண்டிருந்தார், கூப்பிட்டால் ஓடிவரக்கூடிய ஒரே மனிதர்.

"மொட்டைக் கடிதம் நீங்க எழுதினதா?" என்றாள் கிரெட்டா.

"ஆமா. ஆனா டாக்டரைப் பத்திக் கேளுங்கன்னு நான் எழுதலை. அந்த ஞாயித்துக்கிழமையைப் பத்திக் கேளுங்கன்னுதான் எழுதினேன். அவர் பேரையே நான் போடலை. நீங்களா அவர்கிட்ட போய் நின்னீங்க."

கிரெட்டாவுக்குக் காது சூடானது. உண்மைதான். ஆல்டர் ஃபால்ஸ் என்றதும் அவள் கை டெஸ்கியின் பைலைத்தான் எடுத்தது. ஆஸ்லண்ட் செய்த அதே தவறை, பதினோரு வருட நர்ஸ் அனுபவத்தோடு, அவளும் செய்திருந்தாள்.

"ஆஸ்லண்ட் எங்கே?" என்றான் மிட்ச்.

"கிளம்பிட்டார். வெள்ளிக்கிழமை. வறுத்த மீன் சாப்பிட ஓட்டல்ல டேபிள் சொல்லி வச்சிருக்கார்."

"நல்லா சாப்பிடட்டும். திங்கட்கிழமை அவர் பேரு எங்க ரிப்போர்ட்ல இருக்கும், அது ஆஸ்பத்திரி போர்டு மேஜையில இருக்கும்," என்றாள் கிரெட்டா. விண்ணப்பத்தை டெஸ்கியின் முன்னால் வைத்தாள். "இப்ப உங்க விஷயம். பதினாறு நிமிஷம் தெரிஞ்சே 'இல்லை'ன்னு எழுதினீங்க. அது பொய்."

டெஸ்கி பேனாவை எடுத்தார். 'இல்லை'யை ஒரு கோடால் அடித்தார். 'ஆம்' என்று எழுதி, கீழே ஆறு வரியில் நடந்ததை எழுதினார். தான் வாயை மூடிக்கொண்டதையும் எழுதினார். எழுதி முடித்துத் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"இனிமே உங்க கம்பெனியும் எடுக்காது, இல்லையா?"

"மூணு வழக்கு இருக்கிற டாக்டரை எடுக்கத்தான் எங்க கம்பெனி இருக்கு. பிரசவ மேஜையில உங்க கை தப்புப் பண்ணலை. வாய்தான் பண்ணிச்சு. அதை இப்ப நீங்களே திருத்திட்டீங்க." கிரெட்டா கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டாள். "நாளையிலேருந்து எங்க பாலிசி. ஆனா அந்த ஞாயிறு எங்களுது இல்லை. அது நடந்தது பழைய கம்பெனி காலத்துல. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள நீங்க அவங்களுக்குச் சொன்னா, அந்தக் குழந்தைக்கு ஆகிற செலவு அவங்க பொறுப்பு. அஞ்சு அடிச்சா அவங்க ஆபீஸ் மூடிடும், ராத்திரி பாலிசி முடிஞ்சுடும். முடிஞ்சப்புறம் சொன்னா ஏத்துக்க மாட்டாங்க. அப்புறம் அந்தக் குழந்தை யார் பொறுப்பும் இல்லை."

டெஸ்கி போனை இழுத்தார். மணி நாலு முப்பத்தாறு.

"இருங்க," என்றாள் கிரெட்டா. "நீங்க சொன்னதும் அவங்க சொல்லப்போற முதல் வார்த்தை என்னன்னு எனக்குத் தெரியும். தாய்கிட்ட ஒரு வார்த்தை பேசாதீங்க, எல்லாம் வக்கீல் பார்த்துப்பார்னு சொல்வாங்க. சொன்னதுக்கப்புறம் பேசினா நீங்க ஒப்பந்தத்தை மீறினவர்."

"அதனால?"

"அதனால முதல்ல தாய். அப்புறம் கம்பெனி. இருபது நிமிஷம் இருக்கு."

மிட்ச் அவளைப் பார்த்தான். இன்சூரன்ஸ்காரி ஒருத்தி இப்படிச் சொல்லி அவன் கேட்டதில்லை.

டெஸ்கிக்கு எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. மறுமுனையில் இரண்டு மணி அடித்தது. ஒரு இளம்பெண்ணின் குரல், பின்னால் ஏதோ மெஷின் கீச்சிடும் சத்தம்.

"ஷெல்பி, டாக்டர் டெஸ்கி பேசறேம்மா," என்றார். "பிரசவத்தப்ப எல்லாரும் உடனே வந்துட்டோம், யாராலயும் எதுவும் பண்ணியிருக்க முடியாதுன்னு உன்கிட்ட சொன்னேன். அது உண்மை இல்லை. நீ முதல்ல உட்காந்துக்கோ. நான் முழுசா சொல்றேன்."